ஜமீன் செய்யாத திருட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

காபி கலந்துகொண்டு வருவதற்குள் மிளகு என் மடிக்கணினிமேல் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிவிட்டாள். முழுக்க 'ஞ'. படித்துப் பார்த்தேன். நேற்று நான் எழுதியதைவிட மோசம் என்று சொல்ல முடியவில்லை. பூனையை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். நாள் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரத்துக் கட்டுரைக்கு இன்னும் பாராட்டு வந்துகொண்டிருக்கிறது. வாரப் பத்திரிகையில் நான் எழுதும் 'ஜமீன் மாளிகை' பத்தி தொடங்கி எட்டு வருடத்தில் இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த பன்னீர் திராட்சையை எங்கள் நாய் ஜமீன் திருடித் தின்றுவிட்டு, கொட்டைகளை மட்டும் துளசித் தொட்டியில் ஒழுங்காகத் துப்பி வைத்த கதை. 'திராட்சை என்றால் ஜமீனுக்கு உயிர்' என்று முடித்திருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், தன் நாய்க்குட்டி திராட்சைக் கொத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் படத்தை அனுப்பி, 'எங்க பப்லுவும் ஜமீன் கட்சிதான் மேடம்' என்று எழுதியிருந்தாள். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன்.

இந்த நாட்குறிப்பிலாவது உண்மையை எழுதலாம். தின்றது இவர். என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற திருநாவுக்கரசு. சர்க்கரை நோயாளி. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அரைக் கிலோவையும் தீர்த்திருக்கிறார். ஜமீன் வாயில் திராட்சை பட்டதே இல்லை.

முதல் வருடம் இவரைப் பற்றித்தான் எழுதினேன். காபியில் உப்புப் போட்ட கதையை இவர் தம்பி மகள் கல்யாணத்தில் ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே எம் பேரு உன் பத்திரிகையில வந்துச்சு, நான் காசிக்குப் போயிருவேன்" என்றார். அன்றிலிருந்து இவர் செய்வதெல்லாம் ஜமீன் கணக்கில் போகிறது. இவர் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் ஜமீன் போட்டான். இவர் கண்ணாடியைத் தொலைத்தால் ஜமீன் தொலைத்தான். வாசகர்கள் இவ்வளவு புத்திசாலியான நாயைப் பார்த்ததில்லை என்கிறார்கள். உண்மையில் ஜமீன் போர்ட்டிகோ நாற்காலியில் முன்னங்காலை முன்னங்கால்மேல் போட்டுப் படுத்துக் கிடப்பதைத் தவிர எதுவும் செய்வதில்லை. ஒன்பது வயது, நாட்டு நாய், தொப்பை.

நல்லது நடந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். சிலிண்டரை மூடினேனா என்று பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்தவள் நான். இவ்வளவு பாராட்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆகஸ்ட் 6, புதன்

ஜமீன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். இரண்டாவது, நான் திருத்தி வைத்திருந்த கட்டுரையின் மேல். விமர்சனம் என்றார் இவர். சிரித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சோற்றை வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். கோழித் துண்டைக்கூட முகரவில்லை. பால்காரர் வந்தார், போனார், இவன் ஒரு குரைப்புக் குரைக்கவில்லை. பால்காரரே கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஜமீனுக்கு லீவா அக்கா?" என்றார்.

"வாயுவா இருக்கும். பெருங்காயத்தக் கரைச்சு ஊத்து" என்கிறார் இவர். இவருக்கு உலகத்தில் எல்லா நோயும் வாயு.

வழக்கமாகக் கட்டுரையை முடித்ததும் ஜமீனுக்கு வாசித்துக் காட்டுவேன். எந்த இடத்தில் அவன் தூங்குகிறானோ அந்த இடத்தை வெட்டிவிடுவேன். எட்டு வருடமாக இதுதான் என் பழக்கம், அதனால்தான் என் கட்டுரைகள் சிறியவை. இன்று முழுவதையும் வாசித்தேன். தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு சுவரையே பார்த்திருந்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் சின்னப் பெண், எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன்.

"ரத்தத்துல உப்பு ஏறிக் கெடக்கும்மா. கிட்னி ரெண்டும் அடி வாங்கியிருக்கு. ஏதோ சாப்பிடக் கூடாதத சாப்பிட்டிருக்கான்."

எலி மருந்து வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? இல்லை. கெட்டுப்போன கறி? இல்லை. இன்னும் ஏதோ ஒன்று கேட்டார், அதற்கும் இல்லை என்றுதான் சொன்னேன்.

பகலெல்லாம் டிரிப்ஸ், இரவுக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம், மறுபடி காலையில் கொண்டுவர வேண்டும். "ஒண்ணுக்குப் போறானான்னு மட்டும் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருங்கம்மா. யூரின் நின்னுருச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

இந்த நாய் தெருவில் விட்டுவைக்காத கம்பம் கிடையாது. எதிர்வீட்டுப் பெத்துராஜ் ஐயாவின் ஸ்கூட்டர் டயர்தான் அவனுக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு வருடத்துக்கு முன் அதற்காகத்தான் அவர் நடுத்தெருவில் நின்று, "இந்த நாய்க்கு ஒருநாள் ஒரு முடிவு கட்டுறனா இல்லையா பாரு" என்று கத்தினார். நான் பதிலுக்கு அவரை 'எதிர்வீட்டுச் சக்கரவர்த்தி' என்று எழுதி ஊரைச் சிரிக்க வைத்தேன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு முடிவு கட்டுகிறேன் என்று சொன்னார். இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

ஆகஸ்ட் 9, சனி

போகவில்லை.

மருத்துவமனை வளாகத்தில் இவர் ஒவ்வொரு மரமாக ஜமீனை நடத்திக்கொண்டு போனார். முன்னங்காலில் ஊசி கட்டியிருந்தது. வேப்பமரம், ஜெனரேட்டர், 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிய சுவர். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இவர் குனிந்து, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பினார். பக்கத்தில் நின்ற பொமரேனியன் போனது. யாரோ ஒருவரின் குழந்தை போனது. இவருக்கே அவசரம் வந்து உள்ளே ஓடினார். ஜமீன் மட்டும் போகவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த வாரக் கட்டுரையை எழுதினேன். "மேடம், திராட்சை மாதிரியே இன்னொண்ணு குடுங்க" என்று துணையாசிரியர் கேட்டிருந்தார். ஜமீன் அடைமழையில் குடைக்குள் புகுந்து என்னை நனைய விட்ட கதை. அதுவும் இவர் செய்ததுதான். என் காலடியில் தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தவன் குடைக்குள் துள்ளிக் குதிப்பதாக எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

பயமாக இருக்கிறது. இதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று ஞாபகம் வருகிறது. போன வாரம் விடிந்ததும் மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். பெத்துராஜ் ஐயா எங்கள் கேட்டருகே குனிந்திருந்தார். கம்பிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, இங்குமங்கும் பார்த்துவிட்டு நடந்தார். மறுநாளும் அதேபோல் நின்றார். நான் எதுவும் நினைக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "பஞ்சாலையில முப்பது வருசம் மேஸ்திரியா இருந்த மனுசன். நாய்க்கு விசம் வைக்கிற ஆளில்ல மங்கை" என்றார். பின்னே யார்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நான் எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

இவர் ஜமீனோடு மருத்துவமனையில் இருந்தார். நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சண்டைக்குப் போகிறவளுக்கு இவ்வளவு பயம் இருக்கக் கூடாது. பெத்துராஜ் ஐயா பனியனோடு வந்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எங்க நாய்க்கு என்ன வச்சீங்க?"

"என்னம்மா?"

"நான் மாடியிலருந்து பாத்தேன். கேட்டுக்குள்ள கைய விட்டு ஏதோ போட்டீங்க. அது உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கு. என்ன மருந்துன்னு சொல்லிருங்க, டாக்டர்ட்ட சொல்லணும். உங்க கால்ல வேணா விழுறேன்."

அவர் முகம் செத்துவிட்டது. "ஜமீனுக்கு என்னம்மா ஆச்சு? ரெண்டு நாளா நாற்காலி காலியா கெடக்கேன்னு பாத்தேன். ஊருக்குத்தான் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"என்ன வச்சீங்க?"

"திராட்சதாம்மா."

அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"நீங்கதானம்மா எழுதுனீங்க, திராட்சன்னா அதுக்கு உசுருன்னு. சலூன்ல படிச்சேன். அட நாயே, ஒனக்கு இம்புட்டு ருசியான்னு சிரிப்பு வந்துருச்சு. என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் காலையில என்னையப் பாத்து வால ஆட்டுற சீவன் அது ஒண்ணுதான். அதுட்ட என்ன வீம்புன்னு, வண்டிக்காரன்ட்ட பன்னீர் திராட்ச வாங்கி தெனமும் ஒரு கை குடுத்தேன். உங்ககிட்டப் பேச்சில்லாததுனால சொல்லல. உப்புத் தண்ணியில கழுவித்தாம்மா குடுத்தேன். தொண்டையில சிக்கிரப் படாதுன்னு கொட்டையெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுத்தேன்."

கொட்டையை எடுத்திருக்கிறார். ஒவ்வொன்றாக.

சரிங்கய்யா என்றோ என்னவோ சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் கேட்டதில் ஒன்றை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். "திராட்சை, காய்ந்த திராட்சை ஏதாவது குடுத்தீங்களாம்மா?" என்பதுதான் அது. அப்போதே எனக்குள் என்னவோ செய்தது. இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு அதை மூடி வைத்துக்கொண்டேன். பெத்துராஜ் ஐயா விஷம் வைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன். அவர் குற்றவாளியாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!

மருத்துவருக்கு போன் செய்து சொன்னேன். "திராட்சை சில நாய்க்கு ஒண்ணும் செய்யாது. சிலதுக்குக் கிட்னிய அப்படியே முடிச்சிரும். எது எதுக்குன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

அப்போதுதான் அருப்புக்கோட்டை நினைவுக்கு வந்தது. அந்தச் சிவப்பு இதயம். அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. நான்காவதோ ஐந்தாவதோ முறை எடுத்தாள். நான் யார் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"ஐயோ மேடம், பப்லு நல்லாத்தான் இருக்கு. அது திராட்சையத் தொடவே இல்ல. போட்டோவுக்காக வாயில சொருகி வச்சோம். உடனே துப்பிருச்சு." பிறகு தயங்கி, "பொய் சொன்னதுக்கு சாரி மேடம்" என்றாள்.

பொய்க்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

ஜமீன் இன்றும் போகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் மருத்துவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். என்ன யோசிக்க வேண்டும் என்று இவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் வளாகத்துக்குள் ஒரு ஸ்கூட்டர் புகுந்தது. பெத்துராஜ் ஐயா. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வண்டியை நிறுத்துமிடத்தில் நிறுத்தாமல் நேராக வேப்பமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு வந்து ஸ்டாண்டு போட்டார்.

"அரசு சார், நேத்து ராத்திரி போன்ல கேட்டப்ப ஒண்ணுக்குப் போக மாட்டேங்குதுன்னு சொன்னீங்கள்ல? போன் வச்சதுலருந்து யோசனை. இந்த டயரப் பாத்தா அதுக்கு வராம இருக்காது. கழுவாமத்தான் கொண்டாந்திருக்கேன்."

இவரும் அவருமாக ஜமீனை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தார்கள். டிரிப்ஸ் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். ஜமீன் டயரை முகர்ந்தான். முன் டயர், பின் டயர், மறுபடி முன் டயர். காலைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, விழப்போனான். பெத்துராஜ் ஐயா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் பின்னங்காலைத் தன் உள்ளங்கையில் வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போடா. போ ராசா. உன் வண்டிதான்."

போனான். டயரில் கொஞ்சம், அவர் வெள்ளைச் சட்டையில் மிச்சம்.

மருத்துவர் ஜாஸ்மின் கை தட்டினார். வளாகத்தில் இருந்தவர்களெல்லாம் கை தட்டினார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெத்துராஜ் ஐயா சட்டையைப் பார்த்துச் சிரி சிரி என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் சிரிப்பில்லை, ஏனென்றால் திராட்சைதான் காரணம் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 13, புதன்

உப்பு இறங்குகிறது. இனி டிரிப்ஸ் வேண்டாம், ஆயுளுக்கும் பத்தியச் சாப்பாடு. சிறுநீரகத்தில் கொஞ்சம் போனது போனதுதான், இருப்பதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் மிளகு அவனை ஒருமுறை சுற்றி வந்து, ஆஸ்பத்திரி வாடை பிடிக்காமல் சீறிவிட்டு, பிறகு அவன் வயிற்றில் சாய்ந்து தூங்கினாள்.

மாலையில் பெத்துராஜ் ஐயா கேட்டருகே வந்தார். கையில் ஒரு பை.

"டாக்டர் வெளிச் சாப்பாடு எதுவும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்கய்யா" என்றேன்.

"சரிம்மா, சரிம்மா. நல்லா தேறட்டும். அப்புறம் குடுத்துக்கலாம்."

இப்போதைக்குத் தப்பித்தேன். ஆனால் எனக்கு எத்தனை ஆயிரம் வாசகர்கள்! எத்தனை வீட்டில் எத்தனை நாய்! அடுத்த இதழில் உண்மையை எழுதியே ஆக வேண்டும். எழுதினால் பெத்துராஜ் ஐயா சலூனில் உட்கார்ந்து படிப்பார். தன் கையால் கொட்டை எடுத்துக் கொடுத்தது என்னவென்று அங்கேதான் தெரிந்துகொள்வார்.

இவரிடம் சொன்னேன். எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"யாரு தின்னான்னு எழுதப் போற?"

"யாரோன்னு எழுதிக்கிறேங்க. உங்களுக்குக் குடுத்த வாக்கு இருக்கே."

"யாரோன்னா திரும்பவும் கதைன்னுதான் நெனப்பாங்க. எம் பேரப் போடு. திருநாவுக்கரசு, சர்க்கரை வியாதிக்காரன், மாடிப்படிக்கு அடியில உக்காந்து திருடித் தின்னான்னு எழுது. இத்தனை வருசம் என் பழியெல்லாம் அவன் சொமந்தது போதும்."

"காசிக்குப் போயிருவீங்களா?"

"ஜமீனோட சாப்பாட்டு நேரத்துக்குள்ள திரும்பிருவேன்" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதிவிட்டேன். ஜமீனுக்கு வாசித்தேன். இரண்டாவது பத்தியிலேயே குறட்டை விட்டான். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் தூங்கிய இடத்தை வெட்டவில்லை.

பிறகு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பத்திரிகைக்குப் போவதற்கு முன் அவர் கேட்க வேண்டும். நின்றுகொண்டே வாசித்தேன். பெத்துராஜ் ஐயா தன் கைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப நான்தானாம்மா?"

"நீங்க இல்லய்யா. நான் எழுதுன பொய்."

"எழுதுனது நீங்க. ஊட்டிவிட்டது நான்தான?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபமாகச் சாத்தவில்லை. கோபமாகச் சாத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 16, சனி

எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே வானொலிச் சத்தம் மட்டும் கேட்கிறது, அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது. விடிந்ததும் ஜமீன் போர்ட்டிகோவிலிருந்து மெல்ல இறங்கிப்போய்க் கேட்டருகே நிற்கிறான். யாரும் வராததால் திரும்பி வந்து நாற்காலியில் ஏற முயல்கிறான். முடியவில்லை. இவர் தூக்கி வைக்கிறார். நான் தட்டிப் பார்க்கவா என்று கேட்டேன். "விடு, அவரா வரட்டும்" என்றார்.

ஒரு உயிரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இன்னொன்றை உடைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெத்துராஜ் ஐயா தெருவைக் கடந்து வந்து எங்கள் கேட்டின் முன் நின்றார். ஜமீன் ஏற்கெனவே அங்கே இருந்தான், வால் மட்டும் ஆடியது.

அவர் குனியவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் காட்டினார். பிறகு திருப்பிப் புறங்கையைக் காட்டினார்.

"ஒண்ணும் இல்லம்மா. வெறுங்கைதான்."

தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் குனிந்து கம்பிக்குள் கையை விட்டார். ஜமீன் அந்தக் கையை முன்னும் பின்னும் முகர்ந்து பார்த்துவிட்டு, நக்க ஆரம்பித்தான்.